ஆறாம் எண்ணில் சிவப்பு விளக்கு

நான்காம் கல்லாவில் பதினொரு வருடம்
உட்கார்ந்து வேலை பார்த்தேன்.
இப்போது நிற்கிறேன்.
ஆறு எந்திரங்கள், இடுப்பில் ஒரு சாவி,
நெஞ்சில் ‘ஹெலெத்’ என்று ஒரு அட்டை.
மேய்க்கிற வேலைதான்.
கார்மார்தன் ஊரில் அது கேவலமில்லை,
பாதிப் பேர் ஆடு மேய்த்தவர்கள்.
ஆனால் ஆடு
சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்காது.

‘பை வைக்கும் இடத்தில் எதிர்பாராத பொருள்.’
முதலில் வெல்ஷ் மொழியில், பிறகு ஆங்கிலத்தில்.
இரண்டிலும் அதே சந்தேகம்.

இன்று இதுவரை எதிர்பாராதவை:
ஒரு கையுறை,
ஒரு குழந்தையின் இடது கால்,
பால்பண்ணை கெத்தினின் முழங்கை.
‘வெச்சேனே, வெச்சேனே,
கண்ணு தெரியலையா உனக்கு?’ என்று
திரையோடு மல்லுக்கு நின்றார்.
தெரிகிறது கெத்தின். உங்கள் தலைக்கு மேலே இருக்கிறது கண்.
உங்கள் வழுக்கை எனக்கு இங்கே
ஒரு தபால்தலை அளவில் தெரிகிறது.
‘நானே எடுத்து, நானே அடித்து, நானே பையில் போட்டால்
எனக்கு யார் சம்பளம் தருவது?’
நல்ல கேள்வி. என்னைப் பார்த்துக் கேட்டார்.
எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள்.
எந்திரத்துக்கு முகம் கிடையாது, எனக்கு இருக்கிறது,
அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவது, சில்லறையை விழுங்கிவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும்.
ஐந்தாவது என்றைக்கும் ‘அட்டை மட்டும்’.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்.

மாக்சென் என் கல்லாவுக்கு ஒருநாளும் வந்ததில்லை.
உதடு ஒட்டும் எழுத்துகள் அவனுக்கு வராது.
பை வேண்டுமா, மீன் எப்படி, அம்மா சுகமா,
எல்லாமே உதட்டில் வந்து மாட்டிக்கொள்ளும்;
பின்னால் நிற்பவர்கள்
அவனுக்காக வாக்கியத்தை முடித்துவைப்பார்கள்.
அந்த உபகாரத்துக்குப் பயந்தே
பதினோரு மைல் தள்ளிப் போய்ச் சாமான் வாங்கினான்.
இப்போது செவ்வாய்தோறும் வருகிறான்.
பீப், பீப், பீப்.
அவனுக்கும் சேர்த்து எந்திரம் பேசிவிடுகிறது.
பியருக்கு வயதைச் சரிபார்க்க நான் போவேன்,
தலையசைப்பேன், அவன் தலையசைப்பான்.
போன வாரம் ‘நன்றி’ என்றான்.
எங்கள் மொழியிலும் அந்தச் சொல்லுக்கு
உதடு ஒட்ட வேண்டாம்.

அப்புறம் அந்தப் பெண்.
இரண்டு கேரட், ஒரு பிறந்தநாள் வாழ்த்து அட்டை,
நடுவில், கவிழ்த்துப் போட்டு,
கர்ப்பம் பார்க்கும் பெட்டி.
நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு பத்து.
நான்காம் கல்லாவாக இருந்திருந்தால்
அவள் அம்மாவை விசாரித்திருப்பேன்.
அன்பாகத்தான். அதுதான் கொடுமை.

எட்டரைக்கு ஆறாம் எண்ணில் சிவப்பு விளக்கு.
திரையில் வெங்காயம், தொள்ளாயிரம் கிராம்.
பையில் பால்மாவு டப்பா.
அவள் என்னைப் பார்க்கவில்லை,
தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
யாரோ கொடுத்துவிட்டுப் போன கைகளைப்போல.
தள்ளுவண்டியில் குழந்தை தூங்கியது.
‘சரிபார்க்கப்பட்டது’ என்ற பொத்தானை அழுத்தினேன்.
கருணை என்று எழுத ஆசைதான்.
பயமாக இருந்தது.
என் தலைக்கு மேலேயும் ஒரு கண் இருக்கிறது,
அதில் நானும் தபால்தலைதான்.
‘வெங்காயம் நல்லா இருக்கும் இந்த வாரம்’ என்றேன்.
வாய்க்கு வேறெதுவும் வரவில்லை.

பத்து மணிக்கு ஷட்டர் பாதி இறங்கியபின்
என் சாமானை நானே அடித்தேன்:
பால், பாதி விலை ரொட்டி, பூனைக்கு டின்.
கோட்டின் கை எங்கோ பட்டிருக்க வேண்டும்.
சிவப்பு.
‘உதவியாளர் வரும்வரை காத்திருக்கவும்.’
முதலில் வெல்ஷ் மொழியில், பிறகு ஆங்கிலத்தில்.

கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.
சாவி என் இடுப்பில்தான் இருந்தது.